நான் என்ன கடத்தினேன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், கூடலூர் பகுதியில் நடக்கவிருந்த ரத்தப் பரிசோதனை முகாம் பற்றி ஒரு செய்தி வந்தது. சின்னச் செய்திதான். தலைப்பு மட்டும் பெரிய எழுத்தில்: 'அரிவாள் நோய் பரப்புவோரைக் கண்டறிய முகாம்'. ஆங்கிலத்தில் சிக்கிள் செல் என்கிறார்களே, பெற்றோர் வழியாகப் பிள்ளைக்கு வரும் அந்த ரத்த நோயைத்தான் சொல்கிறீர்கள். உள்ளே அதே ஆட்களை ஓரிடத்தில் 'நோய்க் கடத்திகள்' என்றும், கடைசி வரியில் 'ரத்தசோகையால் பாதிக்கப்பட்டோர்' என்றும் எழுதியிருந்தீர்கள். மூன்றுமே தவறு. முதல் இரண்டும் தவறு மட்டுமல்ல, ஒரு பெண்ணின் சாப்பாட்டுத் தட்டைத் தனியாக எடுத்து வைக்கும் அளவுக்குப் போனவை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் அரசு வேலையில் ரத்தம் எடுத்தவள். அரசாணையில் என் பதவிக்கு ஆய்வக நுட்புநர் என்று பெயர். பந்தலூர் பக்கம் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ரத்தக்காரம்மா என்று கேளுங்கள், வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் முகாம் என்றால் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொடுப்பேன். அப்படிப் பழக்கமான பிள்ளைகளில் ஒருத்தி, செய்தி வந்த நாலாம் நாள், அந்தப் பேப்பர் துண்டை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். பணியர் என்ற பழங்குடியைச் சேர்ந்த பெண். விடுதியில் தங்கி பிளஸ் ஒன் படிக்கிறாள். போன வருடப் பரிசோதனையில் அவளுக்கு 'ட்ரெய்ட்' என்று வந்திருந்தது, அதாவது பெற்றோரில் ஒருவர் வழியாக வந்த பிழை மட்டும் உண்டு, நோய் இல்லை. அது மறைக்க வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, தோழிகளிடம் சொல்லியிருந்தாள். இப்போது யாரோ உங்கள் செய்தியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி அவள் பாய்க்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகிவிட்டது. மறுநாள் விடுதிப் பொறுப்பாளர் தனித் தட்டும் தனி டம்ளரும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். "மத்த பிள்ளைங்களையும் நான் பார்க்கணும்ல கண்ணு" என்றாராம். திட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேப்பரில் பரப்புவோர் என்று போட்டிருக்கிறது, அவர் நம்பியிருக்கிறார்.

அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் என்னம்மா கடத்துனேன்?"

எங்கள் ஊர் மூன்று மாநிலம் முட்டுகிற இடம். கேரளத்துக்கு ஒரு சோதனைச் சாவடி, கர்நாடகத்துக்கு ஒன்று. கடத்தல் என்றால் இங்கே சந்தனக்கட்டை, ரேஷன் அரிசி. பள்ளிப் புத்தகத்தில் நோய்க் கடத்தி என்றால் கொசு. இரண்டில் எதுவாக இருந்தாலும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது நல்ல பெயர் இல்லை. ஆங்கிலத்தில் 'கேரியர்' என்கிறார்களே, அதை யாரோ அகராதியைப் பிரித்துவைத்துக்கொண்டு மாற்றியிருக்கிறார்கள்.

விஷயம் இவ்வளவுதான். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது ஹீமோகுளோபின். அதில் ஒரு பகுதியை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கிறது, அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று. 146 மணி கோத்த மாலை என்று வைத்துக்கொண்டால், ஆறாவது மணி மட்டும் வேறாக இருப்பதுதான் இந்தப் பிழை. ஒரு பிரதியில் மட்டும் பிழை என்றால் இன்னொரு பிரதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்த ஆள் நோயாளி அல்ல. கொழுந்து பறிப்பார், மூட்டை தூக்குவார், அவர் வேலை அவர் பாட்டுக்கு நடக்கும். இரண்டு பிரதியிலும் பிழை என்றால்தான் நோய். இருமினால், தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே போர்வையில் படுத்தால் எதுவும் ஒட்டாது. ஒரு பிரதியில் பிழை உள்ளவரிடமிருந்து அது பெற்ற பிள்ளைக்குப் போகலாம், அதுவும் எல்லாப் பிள்ளைக்கும் அல்ல.

முகாமுக்கு வரும் டாக்டர்கள் கேரியர் என்றேதான் சொல்வார்கள். சேரம்பாடி பக்கம் ஒரு தோட்டத்தில் வயதான அம்மா ஒருவர், "நம்ம சோத்துக் கேரியரா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மருமகளிடம், "தூக்கிட்டுத்தான் போறோம், தின்னா தானே வவுத்துல சேரும்" என்றார். அடுத்த முகாமில் அந்த டாக்டர் இதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார், யார் சொன்னது என்பதை மட்டும் விட்டுவிட்டு.

நான் சொல்லிப் பழகியது 'ஒரு பங்கு', 'ரெண்டு பங்கு'. பங்கு என்றால் இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். ஊரில் ஆடு அடித்தால் பங்கு, காட்டில் தேன் எடுத்தால் பங்கு. அம்மா வீட்டுப் பங்கு மட்டும் வந்திருக்கிறதா, அப்பா வீட்டுப் பங்கும் சேர்ந்து வந்திருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. இது மருத்துவத் தமிழ் இல்லை, எந்தக் கலைச்சொல் குழுவும் ஏற்காது என்று ஒரு தமிழாசிரியர் என்னிடம் சொன்னார். சரி, அவர்கள் வேறு நல்ல சொல் தரட்டும். அதுவரை 'ஒரு பங்கு உள்ளவர்' என்று போடுங்கள். பரப்புவோர் என்று மட்டும் போடாதீர்கள்.

பங்குக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவி இருவருக்கும் ஒவ்வொரு பங்கு இருந்தால் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு என்று எல்லாக் கையேட்டிலும் போட்டிருக்கும். ஒரு தகப்பன் என்னிடம், "மூத்தவனுக்கு வந்துடுச்சு, இனி மூணு புள்ளைக்கு வராதுல்ல?" என்று நிம்மதியாகக் கேட்டார். நாலில் ஒன்று என்றால் ஒவ்வொரு தடவையும் சீட்டைத் திரும்ப டப்பாவில் போட்டுக் குலுக்குவது. போன தடவை எது வந்தது என்று டப்பாவுக்கு ஞாபகம் இருக்காது. இதை நீங்கள் அச்சில் ஒரு வரி சேர்த்துப் போட்டால் எனக்குத் தொண்டைத் தண்ணீர் மிச்சம்.

அப்புறம் அந்த 'அரிவாள்'. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கண்ணாடித் தகட்டில் இந்தப் பிழை உள்ளவரின் ஒரு சொட்டு ரத்தம், அதோடு இரண்டு சதவீத சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசல். மேலே மெல்லிய கண்ணாடி வைத்து, காற்றுப் புகாமல் சுற்றிலும் வாசலின் பூசி, காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், தட்டையாக வட்டமாக இருந்த சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக நீண்டு வளைந்திருக்கும். ஆக்சிஜன் குறையக் குறைய உள்ளே ஹீமோகுளோபின் விறைத்துக்கொள்கிறது. சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் ஓடும். நோய் உள்ளவர்களின் அணு பத்து இருபது நாளில் உடைந்துவிடும். உடைவது போதாதென்று சின்ன ரத்தக் குழாய்களில் மாட்டிக்கொண்டு அடைக்கும். வலி அதனால்தான்.

1910ல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற டாக்டர், கிரனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு மாணவரின் ரத்தத்தில் இதைப் பார்த்து, கதிர் அறுக்கும் அரிவாள் போல இருக்கிறது என்று எழுதினார். நாம் கதிரை விட்டுவிட்டு அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டோம். தமிழில் வெறும் அரிவாள் என்றால் வெட்டரிவாள்தான் கண்ணில் வருகிறது. உங்கள் பேப்பரிலேயே அந்தச் சொல் எந்தப் பக்கத்தில் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். "அரிவாள் நோய்னு எழுதியிருக்கு, என் மகனை யாரும் வெட்டலைங்களே" என்று ஒரு தாய் என் முன்னால் சீட்டை நீட்டியிருக்கிறார். கதிர் அரிவாள் என்று சொல்லி விரலை வளைத்துக் காட்டினேன், உடனே புரிந்துவிட்டது. வயல் வேலை செய்த சனம், அவர்களுக்குத் தெரியாத கதிர் அரிவாளா. ஒரு சொல் கூடுதலாகப் போட்டால் இடம் அடைத்துவிடாது.

இந்த அணுவை இந்தியாவில் முதலில் பார்த்ததே எங்கள் மலையில்தான் என்பது உங்கள் செய்தியாளருக்குத் தெரியுமா? ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில் கண்டு 1952ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். இன்னொன்று. கூடலூர், வயநாட்டுப் பக்கத்துக் காடுகள் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனவை. ஒரு பங்கு உள்ள பிள்ளைகளை மலேரியா அவ்வளவாகச் சாய்ப்பதில்லை என்று 1954ல் ஆந்தனி அலிசன் ஆப்பிரிக்காவில் பார்த்துச் சொன்னார். காய்ச்சல் காட்டில் பிழைத்துக் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் நீங்கள் நோய் பரப்புவோர் என்று பட்டம் கட்டியிருக்கிறீர்கள். 'பழங்குடியினர் நோய்' என்று எழுதுவதும் சரியில்லை. பழங்குடியல்லாத வயநாடன் செட்டி மக்களிடமும் இருக்கிறது.

இனி சோகைக்கு வருகிறேன். கடிதம் நீளம், வெட்டித்தான் போடுவீர்கள் என்று தெரியும். இந்தப் பத்தியை மட்டும் வெட்ட வேண்டாம்.

ரத்தசோகை என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் என்று சொல்வது போல. எதனால் என்பது அதற்குள் இல்லை. இரும்புச்சத்துக் குறைந்தாலும் சோகை, பி12 குறைந்தாலும் சோகை, அணு சீக்கிரம் உடைந்தாலும் சோகை, எலும்பு மஜ்ஜை வேலை செய்யாவிட்டாலும் சோகை. ஆனால் நம் ஊரில் சோகை என்று காதில் விழுந்ததும் பீட்ரூட், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், அப்புறம் இரும்பு மாத்திரை. சித்த வைத்தியத்தில் அன்னபேதிச் செந்தூரம் கொடுப்பார்கள். அன்னபேதி என்பதும் இரும்பு உப்புதான், நர்ஸம்மா கொடுக்கும் மாத்திரையில் இருக்கும் அதே ஃபெரஸ் சல்பேட். இரும்பு குறைந்தவர்களுக்கு இரண்டும் சரியான மருந்து. என் கதை வேறு. சின்ன வயதிலிருந்து எனக்கு ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டியதில்லை. ஹீமோகுளோபின் அளக்கும் சாலி மீட்டரில் ஊர் ரத்தத்தையெல்லாம் அமிலத்தில் கலந்து பழுப்பு நிறம் ஒத்துப்பார்த்தவள், என் ரத்தத்துக்கு மட்டும் வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கினேன். மலம் கறுத்ததுதான் கண்ட பலன். நாற்பத்திரண்டு வயதில், புதிதாக வந்த ஒரு டாக்டரம்மா, கண்ணாடித் தகட்டில் தடவிய என் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "உங்க அணு எல்லாம் ஏன் இவ்வளவு பொடிசா இருக்கு?" என்று கேட்டு, கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பரிசோதிக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் ஏ2 என்ற ஒரு வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தலசீமியாவின் பங்கு என்று சந்தேகப்பட வேண்டும். தலசீமியாவும் பெற்றோர் வழி வருவதுதான், அதில் ஹீமோகுளோபினே குறைவாக உருவாகும். எனக்கு ஐந்துக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கும் ஒரு பங்கு, பிழை மட்டும் வேறு. நான் பழங்குடி இல்லை. என் அப்பா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அப்படியானால் நானும் நோய் பரப்புவோர்தான். இத்தனை வருடம் என் கையால் ஊசி குத்திக்கொண்டவர்களுக்கெல்லாம் இதைத் தலைப்பில் போட்டுத் தெரிவிப்பீர்களா?

தலசீமியா முற்றாக உள்ள குழந்தைகளுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றி ஏற்றி, உடம்பில் இரும்பு அதிகமாகித் தங்கிவிடும். அதை வெளியேற்றவே தனி மருந்து கொடுக்கிறார்கள். அந்தக் குழந்தையின் பாட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் 'சோகையைப் போக்கும் இரும்புச்சத்து உணவுகள்' படித்துவிட்டு வந்தால் என்ன ஆகும்? கர்ப்பிணிகள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அது தேவை. என்ன சோகை என்று எழுதுங்கள் என்பதுதான் நான் கேட்பது. இரும்புக் குறைவுச் சோகை, அணு உடையும் சோகை. ஒரு பங்கு அரிவாள் உள்ளவருக்குப் பெரும்பாலும் சோகையே இருக்காது என்பதால் உங்கள் செய்தியின் கடைசி வரியும் தவறு என்றேன்.

பெயர் மாறிப்போவதில் இதைவிடப் பெரிய கூத்தும் நடக்கிறது. ரெண்டு பங்கு உள்ளவர்களுக்குக் குளிரில் வலி வரும். மார்கழி தையில் இங்கே விடிகாலை எப்படி இருக்கும் என்று சமவெளிக்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. எலும்பைக் குடைகிறது என்று வருபவரின் சீட்டில் வாதம் என்று எழுதியிருக்கும். அணு உடைவதால் கண் மஞ்சளாகும். அதை மஞ்சக்காமாலை என்று சொல்லிக் கீழாநெல்லியும் பத்தியமும். பிள்ளைக்கு உப்பில்லாச் சோறு போட்டு இன்னும் தேய வைப்பார்கள். நோய்க்கு ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை இருக்கிறது. வலி வருகிற தடவையைக் குறைக்கும், ரத்த அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள். அது சில ரத்தப் புற்றுகளுக்கும் கொடுக்கும் மருந்து. மருந்துக் கடையில் யாராவது "இது கேன்சர் மாத்திரைல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆறு மாதம் வலியில்லாமல் இருந்த பையன் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் படுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

'பாசிட்டிவ்' என்ற சொல்லையும் பார்த்துப் போடுங்கள். முகாமில் முதலில் செய்யும் கரைதிறன் பரிசோதனையில் குழாய் கலங்கினால் பாசிட்டிவ். ஒரு பங்குக்கும் கலங்கும், ரெண்டு பங்குக்கும் கலங்கும். எது என்று பிரித்துச் சொல்ல, ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸ் அல்லது எச்பிஎல்சி என்ற பரிசோதனை வேண்டும். அதற்கு முன்பே 'இத்தனை பேருக்கு நோய்' என்று எண்ணிக்கை போட்டுவிடுகிறீர்கள். பாசிட்டிவ் என்று சொன்னதற்கு, "ஓ பாசிட்டிவ்னு ஏற்கெனவே என் கார்டுலயே இருக்கே" என்று கிளம்பிவிட்ட பாட்டியும் உண்டு. பின்னாலேயே ஓடிப்போய்க் கூட்டி வந்தோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ரத்த மாற்று' என்று எழுதினால் உள்ள ரத்தத்தை எல்லாம் இறக்கிவிட்டு வேறு நிரப்புவார்கள் என்று பயப்படுகிறார்கள்; சனம் சொல்வது ரத்தம் ஏற்றுவது, அதையே எழுதலாம். டெங்கு செய்தியில் தட்டணுவையும் வெள்ளையணுவையும் போட்டுக் குழப்பாதீர்கள். ஹீமோபிலியா என்ற கிரேக்கப் பெயருக்கு ரத்தத்தின் மேல் பிரியம் என்று பொருளாம், எந்த மகராசன் வைத்தானோ. ரத்தம் உறையாமை என்று நாம் வைத்திருப்பது அதைவிட நல்ல பெயர். தலசீமியா என்ற பெயருக்குள் கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இருக்கிறது, மத்தியதரைக் கடல் பக்கத்துப் பிள்ளைகளிடம் முதலில் பார்த்ததால். அதைத் தமிழாக்கக் கிளம்பாமல் தலசீமியா என்றே விட்டுவிடுவது புண்ணியம்.

இந்த நோயை 2047க்குள் ஒழிப்பது என்று 2023 ஜூலை 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தேசிய இயக்கத்தைத் தொடங்கினார்கள். நாற்பது வயது வரை உள்ள ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது திட்டம். ஏழு கோடிப் பேர் கையை நீட்ட வேண்டும். உங்கள் செய்தி வந்த பிறகு நடந்த முகாமில் அந்தப் பெண்ணின் குடியிருப்பிலிருந்து ஒருவரும் வரவில்லை. நானும் நர்ஸம்மாவும் கூப்பிடப் போனோம். வாசலில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். "பேர் எழுதிட்டுப் போயி பேப்பர்ல போடுவீங்க" என்றார். வெயில் ஏறும் வரை நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

ஒரு திருத்தம் போடுங்கள். 'நோய் பரப்புவோர் என்று வெளியானது தவறு, இது தொற்றாது' என்று இரண்டு வரி போதும். ஆனால் தலைப்பு வந்த அதே பக்கத்தில், படம் எடுத்தால் தெரிகிற அளவு எழுத்தில் வர வேண்டும். தேதியை முன்கூட்டிச் சொன்னால் நல்லது. எங்கள் கடைக்குத் தங்கள் நாளிதழ் ஆறு பிரதிதான் வருகிறது, மழை பெய்து மரம் விழுந்தால் அதுவும் மத்தியானம் ஆகிவிடும். எனக்கு இரண்டு பிரதி எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். ஒன்று விடுதிப் பொறுப்பாளருக்கு. இன்னொன்று அந்தப் பெண்ணுக்கு. பழைய துண்டை அவள் இன்னும் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.